எச்பி5 பிளஸ், டி-76: அட்டையில் உள்ள எண்ணும் நெகட்டிவில் கிடைத்த எண்ணும்

இல்ஃபோர்டு நிறுவனம் எச்பி5 பிளஸ் என்ற தன் கறுப்பு வெள்ளை ஃபிலிமுக்கு வெளியிட்டிருக்கும் தரவுத்தாளில் ஒரு சிறிய புதிர் இருக்கிறது. 400 வேகத்தில் (வேகம் என்பது ஃபிலிமின் ஒளி உணர்திறனைக் குறிக்கும் எண்) எடுத்த ஃபிலிமை 20 டிகிரி செல்சியஸில், நீர் கலக்காத ஐடி-11 டெவலப்பரில், அதாவது படத்தை வெளிக்கொணரும் ரசாயனக் கரைசலில், கழுவ ஏழரை நிமிடம் ஆகும். நீர் கலக்காத டி-76 டெவலப்பருக்கும் அதே ஏழரை நிமிடம்தான். இரண்டின் வெளியிடப்பட்ட சூத்திரமும் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இதில் வியப்பில்லை. ஆனால் இரண்டிலும் சம அளவு நீர் கலந்து பயன்படுத்தினால், ஐடி-11-க்கு 13 நிமிடம், டி-76-க்கு 11 நிமிடம் என்று அதே தாள் சொல்கிறது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த இரண்டு டெவலப்பர்களுக்கு இடையே இரண்டு நிமிட வேறுபாடு என்பது நெகட்டிவில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. எதை நம்புவது என்று கேட்டால், இரண்டையும் நம்பலாம், ஆனால் தொடக்கப் புள்ளியாக மட்டும் நம்பலாம் என்பதே என் விடை. எச்பி5 பிளஸ் ஃபிலிமையும், ஒன்றுக்கு ஒன்று நீர் கலந்த டி-76 டெவலப்பரையும் நான்கு சுருள்கள் செலவழித்து அளந்து பார்த்த பிறகு எழுதப்படுவது இம்மதிப்புரை.

முதலில் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எச்பி என்ற பெயர் 1930-களிலிருந்து வருவது. 'மிகை உணர்திறன் கொண்ட பான்குரோமாட்டிக்' (எல்லா நிற ஒளியையும் உணரும்) என்ற பொருள்படும் ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகள் அவை. இப்போது கிடைக்கும் 'பிளஸ்' வடிவம் 1989-இல் வந்தது. டி-76 இன்னும் முதியது. கோடாக் நிறுவனத்தில் ஜான் கேப்ஸ்டாஃப் 1920-களின் நடுவில் திரைப்படத் துறைக்காக உருவாக்கிய அந்தச் சூத்திரத்தில் லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம் இருக்கும். அந்தக் கணிசமான சல்ஃபைட்தான் நீர் கலக்காதபோது துகள்களின் ஓரங்களைக் கரைத்து மென்மையாக்குகிறது; நீர் கலந்தால் அந்தக் கரைப்பு குறைந்து, துகள் சற்றுத் துலக்கமாகவும் விளிம்பு கூர்மையாகவும் தெரியும். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். ஒரு முறை பயன்படுத்தியதும் கொட்டிவிடலாம் என்பதால், பழைய கரைசல் எவ்வளவு களைத்திருக்கிறது என்ற கவலையும் இல்லை.

ஃபிலிம் அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 400 என்ற எண் பொய்யா என்ற கேள்விக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளை ஃபிலிமைச் சொந்தமாகச் சோதித்தவர்களில் பெரும்பாலோர் தங்களுக்குக் கிடைத்த வேகம் அட்டையில் உள்ளதைவிடக் குறைவு என்று சொல்வதைக் கேட்டிருப்போம். அதைக் கேட்டுவிட்டு, தயாரிப்பாளர்கள் விற்பனைக்காக எண்ணை ஏற்றிவிடுகிறார்கள் என்று முடிவு கட்டுவது தவறு. ஐஎஸ்ஓ தரத்தின்படி ஃபிலிமின் வேகம் ஆய்வகத்தில் அளக்கப்படுகிறது. ஒளியே படாத பகுதியின் அடர்த்தியைவிட (அடர்த்தி என்பது நெகட்டிவின் கருமையளவு) 0.10 கூடுதலான அடர்த்தி கிடைக்கும் இடம் ஒரு புள்ளி. அதிலிருந்து மடக்கை அளவில் 1.30 கூடுதல் ஒளி பெற்ற இடம் இன்னொரு புள்ளி. இவ்விரண்டுக்கும் இடையே அடர்த்தி 0.80 உயரும்படி ஃபிலிமைக் கழுவ வேண்டும். அப்படிக் கழுவியபோது முதற்புள்ளிக்குத் தேவைப்பட்ட ஒளியளவிலிருந்து வேகம் கணக்கிடப்படுகிறது. எச்பி5 பிளஸின் 400 என்ற எண் ஐடி-11 டெவலப்பரில், 20 டிகிரியில், விட்டுவிட்டு ஆட்டி அளக்கப்பட்டது என்பதையும் இல்ஃபோர்டு மறைக்கவில்லை.

வேறுபாடு எங்கே நுழைகிறதென்றால், அந்த முதற்புள்ளியின் இருப்பிடத்தில்தான். ஐஎஸ்ஓ கணக்கில் அது லைட் மீட்டர் காட்டும் நடுச்சாம்பல் நிறத்துக்குக் கீழே ஏறத்தாழ மூன்றேகால் ஸ்டாப்புக்குச் சற்று அதிகமான தொலைவில் விழுகிறது (ஒளி இருமடங்காவதோ பாதியாவதோ ஒரு ஸ்டாப்). ஆன்செல் ஆடம்ஸும் ஃபிரெட் ஆர்ச்சரும் 1940-ஐ ஒட்டி வகுத்த, காட்சியின் வெளிச்சத்தை ஒரு ஸ்டாப் இடைவெளியில் மண்டலங்களாகப் பிரிக்கும் மண்டல முறையிலோ, அதே 0.10 அடர்த்தியை முதலாம் மண்டலத்தில், அதாவது நடுச்சாம்பலுக்கு நான்கு ஸ்டாப் கீழே எதிர்பார்க்கிறோம். இரண்டுக்கும் இடைவெளி மூன்றில் இரண்டு ஸ்டாப். 400-இலிருந்து மூன்றில் இரண்டு ஸ்டாப் இறங்கினால் 250. ஆகவே மண்டல முறையில் சோதிக்கும் ஒருவருக்கு இந்த ஃபிலிமில் 250 கிடைத்தால், அது ஃபிலிமின் குறையுமன்று, அவருடைய கண்டுபிடிப்புமன்று. இரண்டு அளவுகோல்கள் வெவ்வேறு இடத்தில் தொடங்குகின்றன என்பதுதான் செய்தி. இதை அறிந்த பின்பும் சோதிப்பதற்குக் காரணம் உண்டு: என் மீட்டர், என் ஷட்டர், என் வெப்பமானி, ஃபிலிம் கழுவும் டாங்கை நான் கவிழ்க்கும் விதம் ஆகிய நான்கும் எந்தத் தரவுத்தாளிலும் இல்லை.

நிழற்பகுதிக்கான சோதனையை இவ்வாறு செய்தேன். சீரான வெளிச்சம் படும் ஒரு வெற்றுச் சுவர், மேகமூட்டமான பகல், முக்காலி. லென்ஸை முடிவிலியில் நிறுத்தி, சட்டகம் முழுவதும் சுவரே நிறையும்படி அருகில் சென்றேன். முடிவிலியில் நிறுத்துவதற்கு இரண்டு காரணங்கள்: சுவரின் சொரசொரப்பு மங்கி அளவீடு சீராகும், கிட்டத்தில் ஃபோகஸ் செய்யும்போது லென்ஸ் முன்னே நகர்ந்து ஒளி குறைவதும் இராது. மீட்டரை 400-இல் வைத்துச் சுவரை அளந்தபோது விநாடியில் 30-இல் ஒரு பங்கு ஷட்டர் நேரத்துக்கு எஃப்/4 அபெர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவை) காட்டியது. நான்கு ஸ்டாப் குறைத்தால் எஃப்/16. அதுவே 400 வேகத்துக்கான முதலாம் மண்டலம். பிறகு ஷட்டரைத் தொடாமல் அபெர்ச்சரை மட்டும் அரை அரை ஸ்டாப்பாகத் திறந்து 280, 200, 140 ஆகிய வேகங்களுக்கான சட்டகங்களை எடுத்தேன். பழைய இயந்திர ஷட்டர்களில் ஒரு வேகத்துக்கும் அடுத்த வேகத்துக்கும் இடையே உள்ள உண்மையான இடைவெளி ஒரு ஸ்டாப்தானா என்பது ஐயத்துக்குரியது என்பதால், ஷட்டரை ஒரே இடத்தில் நிறுத்துவது நல்லது. லென்ஸ் மூடியைப் போட்டபடி ஒரு சட்டகத்தைக் கடத்துவதும் மறக்கக் கூடாத ஒன்று. எல்லா அளவுகளையும் அந்த வெற்றுச் சட்டகத்திலிருந்துதான் எண்ண வேண்டும். 35 மி.மீ. ஃபிலிமின் அடித்தளத்தில், பக்கவாட்டில் ஒளி ஊர்ந்து செல்லாமல் தடுப்பதற்காகச் சாம்பல் சாயம் சேர்க்கப்பட்டிருக்கும். ஆகையால் வெற்றுப் பகுதியே ஓரளவு கருமையாகத் தெரியும். அதைப் பார்த்து ஃபிலிம் புகைந்துவிட்டதென்று புதியவர்கள் பதறத் தேவையில்லை.

அடர்த்தியை அளக்க அடர்த்திமானி வேண்டும் என்று தயங்குபவர்களுக்கு ஒரு வழி உண்டு. அடர்த்தி 0.30 என்பது சரியாக ஒரு ஸ்டாப் ஒளியிழப்பு, 0.10 என்பது மூன்றில் ஒரு ஸ்டாப். எனவே ஒளிமேசை மீது நெகட்டிவை வைத்து, சுற்றிலும் கறுப்பு அட்டையால் மறைத்து, பத்தில் ஒரு ஸ்டாப் வரை காட்டும் ஸ்பாட் மீட்டரால் வெற்றுச் சட்டகத்தையும் சோதனைச் சட்டகத்தையும் மாறி மாறி அளந்தால், கிடைக்கும் வித்தியாசத்தை 0.30-ஆல் பெருக்கினால் போதும். பத்தில் ஒரு ஸ்டாப் என்பது 0.03 அடர்த்தி, நம் தேவைக்கு அந்த நுணுக்கம் தாராளம். நான் ஒவ்வொரு சட்டகத்தையும் மூன்று முறை அளந்து நடு எண்ணை எடுத்துக்கொண்டேன்.

11 நிமிடம் கழுவிய முதல் துண்டில் கிடைத்தவை: 400-க்கு 0.06, 280-க்கு 0.09, 200-க்கு 0.14, 140-க்கு 0.20. அதாவது 0.10 என்ற இலக்கு 280-க்கும் 200-க்கும் இடையே, 280-க்கு அருகில் விழுகிறது. மீட்டரில் அதற்கு நெருங்கிய எண் 250. மேலே சொன்ன கணக்கு எதிர்பார்த்ததும் இதுவே என்பதால், என் மீட்டரும் ஷட்டரும் ஒன்றையொன்று ஏமாற்றிக்கொண்டிருக்கவில்லை என்ற ஆறுதலும் சேர்ந்து கிடைத்தது. ஒன்றைக் கவனிக்க வேண்டும்: உண்மைக் காட்சிகளில் வானமும் விளக்குகளும் லென்ஸுக்குள் சிதறவிடும் ஒளி நிழற்பகுதிகளைச் சற்றே தூக்கிவிடுகிறது, வெற்றுச் சுவரில் அப்படி எதுவும் நடப்பதில்லை. ஆகவே அன்றாட வெயிலில் 400 வைத்து எடுப்பவர்களின் நிழல்கள் என் எண்கள் சொல்லும் அளவுக்கு மோசமாக இருப்பதில்லை. அவர்களைத் திருத்தப் புறப்படும் எண்ணம் எனக்கு இல்லை.

இந்த எண்கள் இரண்டாவது முயற்சியில் கிடைத்தவை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். முதல் முயற்சியில் எல்லாச் சட்டகங்களும் எதிர்பார்த்ததைவிடக் கருமையாக வந்தன. மீட்டரைச் சந்தேகித்தேன், ஷட்டரைச் சந்தேகித்தேன், டெவலப்பர் கலக்கும்போது தவறிவிட்டேனோ என்றும் நினைத்தேன். கடைசியில் குற்றவாளி வெப்பமானி. இருட்டறையில் பல ஆண்டுகளாகக் கிடந்த அந்தச் சாராய வெப்பமானியை வேறு இரண்டுடன் ஒரே நீரில் வைத்துப் பார்த்தபோது, அது இரண்டு டிகிரி குறைவாகக் காட்டியது தெரிந்தது. ஆக, 20 என்று நினைத்து 22-இல் கழுவியிருக்கிறேன். ஒரு டிகிரி கூடினால் நேரத்தை ஏறத்தாழப் பத்து விழுக்காடு குறைக்க வேண்டும் என்ற பொதுக் கணக்குப்படி, 11 நிமிடம் என்பது அங்கே 13 நிமிடத்துக்கு மேல் கழுவியதற்குச் சமம். ஆண்டுக்கணக்கில் அதே வெப்பமானியை மட்டும் பயன்படுத்தி, அதற்கேற்ப நேரத்தைப் பழக்கத்தால் சரிசெய்து வந்திருந்தால் இந்தப் பிழையால் ஒரு தீங்கும் இராது. வெப்பமானி மாறும் அன்றுதான் எல்லாம் குலையும்.

கழுவும் நேரத்துக்கான சோதனை எதிர்முனையில் நடக்கிறது. நிழற்பகுதியின் அடர்த்தி பெரும்பாலும் எக்ஸ்போஷரால், அதாவது படமெடுக்கும்போது ஃபிலிமில் விழும் ஒளியளவால், தீர்மானிக்கப்படுகிறது. கழுவும் நேரத்தை நீட்டினால் அங்கே கொஞ்சமே உயரும். பளிச்சென்ற பகுதிகளோ நேரம் கூடக்கூட வேகமாக ஏறுகின்றன. எனவே 250 வேகத்தில், நடுச்சாம்பலுக்கு மூன்று ஸ்டாப் மேலே உள்ள எட்டாம் மண்டலத்தில், ஒரு சுருள் முழுவதையும் ஒரே எக்ஸ்போஷரில் அதே சுவரைப் பார்த்து எடுத்தேன். பிறகு இருட்டில் சுருளை மூன்றாக வெட்டி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே 8, ஒன்பதரை, 11 நிமிடங்கள் கழுவினேன். டாங்கை முதல் பத்து விநாடியில் நான்கு முறை கவிழ்த்து நிமிர்த்தி, காற்றுக் குமிழிகள் விலகும்படி ஒரு முறை தட்டி, அதன்பின் ஒவ்வொரு நிமிடத் தொடக்கத்திலும் நான்கு முறை கவிழ்த்தேன். இல்ஃபோர்டு பரிந்துரைக்கும் ஆட்டும் முறையும் இதுவே. இதில் சிறந்த முறை எது என்ற விவாதத்துக்கு முடிவில்லை. என்னைக் கேட்டால், எந்த முறையானாலும் சரி, அது ஒவ்வொரு முறையும் மாறாமல் இருக்க வேண்டும் என்பது மட்டுமே முக்கியம்.

நெகட்டிவைப் பெரிதாக்கிக் காகிதத்தில் அச்சிடும் என்லார்ஜரின் வகையைப் பொறுத்து இலக்கு மாறும். பரவிய ஒளியால் அச்சிடும் என்லார்ஜருக்கு எட்டாம் மண்டலம் 1.25 முதல் 1.35 வரையும், ஒளியைக் குவித்து அனுப்பும் கண்டென்சர் வகைக்கு 1.15 முதல் 1.25 வரையும் இருக்கலாம் என்பது ஆடம்ஸ் தந்த வரையறை. கண்டென்சர் வழியே நேர்கோட்டில் வரும் ஒளியை வெள்ளித் துகள்கள் சிதறடித்துவிடுவதால், அடர்ந்த பகுதிகள் அங்கே இன்னும் அடர்ந்தவை போல் நடந்துகொள்ளும். எனக்குக் கிடைத்த எண்கள் 8 நிமிடத்துக்கு 1.16, ஒன்பதரைக்கு 1.29, 11-க்கு 1.41. என்னுடையது பரவிய ஒளி வகை என்பதால் ஒன்பதரை நிமிடமே பொருந்துகிறது. கண்டென்சர் வைத்திருப்பவருக்கு இதே ஃபிலிமில் எட்டரை நிமிடத்துக்குள்ளேயே வேலை முடிந்துவிடும். தாள் சொன்ன 11 நிமிடம் தவறில்லை. ஐஎஸ்ஓ எதிர்பார்க்கும் சாய்வுக்கு (ஒளி கூடும்போது அடர்த்தி ஏறும் விகிதத்துக்கு) அது ஏறத்தாழச் சரியாகவே நிற்கிறது. எனக்குத்தான் அந்தக் கான்ட்ராஸ்ட் சற்று மிகை.

இந்த இடத்தில் ஃபிலிமைப் பாராட்டியாக வேண்டும். மூன்று நேரங்களிலும் எண்கள் ஒழுங்காக, எதிர்பாராத தாவல் எதுவும் இல்லாமல் ஏறின. ஒரே துண்டில் உள்ள சட்டகங்களுக்கு இடையே என் மீட்டரால் பிரித்தறிய முடிந்த வேறுபாடு இல்லை. ஒன்றரை நிமிடத்துக்கு 0.12 அல்லது 0.13 மட்டுமே மாறுகிறது என்றால், பத்து இருபது விநாடி தவறினாலும் நெகட்டிவ் கெட்டுவிடாது என்று பொருள். புதிதாகக் கழுவக் கற்றுக்கொள்பவருக்கு இந்த ஃபிலிமைப் பரிந்துரைக்க வேறு காரணம் தேவையில்லை. அது காய்ந்தபின் சுருண்டுகொள்ளாமல் தட்டையாகக் கிடப்பது கூடுதல் வசதி. துகள் தெரியும், 35 மி.மீ.-இல் பெரிதாக அச்சிட்டால் நன்றாகவே தெரியும். அது பிடிக்காதவர்கள் வேகம் குறைந்த ஃபிலிமுக்குப் போகலாம்.

எண்களை அச்சுக் காகிதத்தில் சரிபார்க்காமல் விட்டால் சோதனை பாதியில் நின்றதாகிவிடும். இரண்டாம் கிரேடு காகிதத்தில் (கிரேடு என்பது காகிதம் தரும் கான்ட்ராஸ்டின் அளவு), வெற்று ஃபிலிம் வழியாக ஒளி பாய்ச்சி, காகிதம் தரக்கூடிய முழுக் கறுப்பு கிடைக்கும் மிகக் குறைந்த நேரத்தைக் கண்டுபிடித்தேன். அதே நேரத்தில் முதலாம் மண்டலச் சட்டகத்தை அச்சிட்டபோது, முழுக் கறுப்பிலிருந்து மயிரிழை வேறுபட்டுத் தெரிந்தது. எட்டாம் மண்டலச் சட்டகம் வெறும் காகித வெள்ளையாக ஆகிவிடாமல், மிக மெல்லிய சாம்பல் சாயலுடன் நின்றது. 11 நிமிடத் துண்டில் அந்தச் சாயல் காணாமல் போயிருந்தது. அடர்த்திமானியோ ஸ்பாட் மீட்டரோ இல்லாதவர்கள் இந்த ஒரு காகிதச் சோதனையை வைத்தே தங்கள் வேகத்தையும் நேரத்தையும் கண்டுபிடித்துவிடலாம். நேரம் கூடுதலாகப் பிடிக்கும், அவ்வளவே.

துண்டுகளாக வெட்டிச் சோதிப்பதில் ஒரு மறைகுழி இருக்கிறது. மூன்றில் ஒரு பங்கு சுருள், 300 மில்லி கரைசலில் தனியாக மிதக்கும்போது டெவலப்பருக்குப் பெரிய வேலை இல்லை. முழுச் சுருள் அதே அளவு கரைசலில் இறங்கும்போது, நீர் கலந்த டெவலப்பர் முடிவை நெருங்கும் வேளையில் களைத்துப்போகிறது. நீர் கலந்த டி-76-இல் 36 சட்டகச் சுருள் ஒன்றை 237 மில்லியில் கழுவினால் நேரத்தைப் பத்து விழுக்காடு கூட்ட வேண்டும் என்று கோடாக்கே எச்சரித்திருக்கிறது. 473 மில்லியில் ஒரு சுருளைக் கழுவினால் அந்தத் திருத்தம் வேண்டியதில்லை. அதனால் எட்டாம் மண்டலச் சட்டகங்கள் கொண்ட இன்னொரு முழுச் சுருளை 300 மில்லியில் ஒன்பதரை நிமிடம் கழுவிப் பார்த்தேன், 1.24 வந்தது. டாங்கில் 500 மில்லி ஊற்றுவது ஒரு தீர்வு, நேரத்தைப் பத்து நிமிடமாக்குவது இன்னொரு தீர்வு. என் டாங்க் சிறியது என்பதால் இரண்டாவதைத் தேர்ந்துகொண்டேன். தாள் சொன்ன 11-க்கும் எனக்கும் உள்ள இடைவெளி இப்போது ஒரு நிமிடம்தான்.

காட்சிக்குக் காட்சி கழுவும் நேரத்தைக் கூட்டிக் குறைக்கும் மண்டல முறையின் மறுபாதியை நான் சோதிக்கவில்லை. ஒவ்வொரு ஃபிலிம் தாளையும் தனியே கழுவும் பெரிய கேமராக்காரர்களுக்கு அது பயன்படும். ஒரே சுருளில் வெயிலும் நிழலும் கலந்து கிடக்கும் 35 மி.மீ.-இல், அந்த வேலையைப் பல கிரேடு காகிதமே பார்த்துக்கொள்ளும். இந்த ஃபிலிமை 1600 வேகமாகக் கருதி எடுத்து, கூடுதல் நேரம் கழுவுவதைப் பற்றியும் ஒரு வரி போதும்: இல்ஃபோர்டு நீர் கலக்காத ஐடி-11-இல் அதற்கு 14 நிமிடம் தருகிறது, படமும் கிடைக்கிறது, ஆனால் ஃபிலிமை எட்டாத நிழல்களை எவ்வளவு நேரம் கழுவினாலும் கொண்டுவர முடியாது.

டி-76 மீது எனக்குள்ள மனத்தாங்கல் அதன் வேதியியலைவிட அதன் வசதிக் குறைவைப் பற்றியது. தூளை 50 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரில் கரைத்து, ஆறவிட்டு, மறுநாள்தான் பயன்படுத்த முடிகிறது, அவசரத்துக்கு உதவாது. கரைத்து நிரம்பிய புட்டியில் இறுக மூடி வைத்தால் ஆறு மாதம், பாதி காலியான புட்டியில் இரண்டு மாதம் என்பது கோடாக் தரும் கெடு. எனவே பெரிய புட்டியில் வைக்காமல், ஒரு சுருளுக்கு வேண்டிய 150 மில்லி கொள்ளும் சிறு கண்ணாடிப் புட்டிகளில் விளிம்புவரை நிரப்பி வைக்கிறேன். புதிதாகத் தூள் கரைக்கும்போதெல்லாம் பழைய எண்கள் செல்லுமா என்று பார்க்க ஒரு எளிய ஏற்பாடும் செய்திருக்கிறேன்: எட்டாம் மண்டலச் சட்டகங்களை மட்டும் எடுத்த, இன்னும் கழுவாத ஒரு சுருள் குளிர்பெட்டியில் இருக்கிறது. புதுக் கரைசல் தயாரானதும் அதிலிருந்து ஒரு சாண் வெட்டி, துண்டுக்கு உரிய ஒன்பதரை நிமிடம் கழுவி, 1.29-க்கு அருகில் வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் படம் எடுத்த சுருளை உள்ளே விடுகிறேன்.